ஜனவரியில் காஷ்மீர் லோடு: டீசல் உறையாமல் இருக்க எதில் காசு போடலாம்?

மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு லாரி வைத்திருக்கிறார். ஒன்று 2015-இல் எடுத்த பிஎஸ்-3 வண்டி, மற்றது 2021-இல் எடுத்த பிஎஸ்-6. (பிஎஸ் என்பது அரசின் புகைக் கட்டுப்பாட்டுத் தரம்; எண் கூடினால் தரம் கடுமை.) குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றி ஜலந்தர் போவது வழக்கம். அங்கே செருப்பு செய்கிறவர்களுக்கும் பந்து செய்கிறவர்களுக்கும் ரப்பர் வேண்டும். திரும்பும்போது பஞ்சாபிலோ டெல்லியிலோ கிடைத்த சரக்கை ஏற்றி வருவார். இந்தத் தடவை புக்கிங் ஆபீஸில் ஓர் ஆசையைக் காட்டியிருக்கிறார்கள். ஜலந்தரில் இறக்கிவிட்டு அப்படியே மேலே ஏறினால், புல்வாமா மாவட்டத்து லாசிபோராவில் குளிர்பதனக் கிடங்கிலிருந்து ஆப்பிள் கிடைக்கும். நேராகத் தெற்கே வந்துவிடலாம், வாடகையும் நன்றாக இருக்கும். ஒரே சங்கடம், லோடு ஜனவரியில்.

"அண்ணாச்சி, அங்க டீசல் உறஞ்சு போவுமாம்லா. ஹீட்டர் மாட்டட்டா, அந்த பாட்டில் மருந்து ஊத்தட்டா, இல்ல பழைய ஆளுவ சொல்லுத மாதிரி மண்ணெண்ணெய் கலக்கட்டா? ரெண்டுல எந்த வண்டிய விடட்டும்?"

ஒரே மூச்சில் இத்தனை கேள்வி. அவருக்கு அன்று சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். ஐப்பசி மழை விட்டதும் இதே கேள்வியோடு வேறு சிலரும் வருவார்கள்.

டீசல் உறைந்து நம் மாவட்டத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டோம். தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்திருக்கிறோம். 24 டிகிரிக்குக் கீழே போனால் போதும், அதற்குக் கட்டிப்படும் எண்ணம் வந்துவிடும். மார்கழி விடியற்காலையில் பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் வீட்டு எண்ணெய்க் குப்பியைக் கவனியுங்கள். முதலில் லேசாக மங்கும். அப்புறம் வெள்ளைத் துகள் மிதக்கும். அதற்கும் பிறகுதான் கட்டியாகும். டீசலிலும் இதே வரிசைதான். அதில் கரைந்திருக்கும் மெழுகு, குளிரக் குளிர மங்கலாகி, துகளாகி, கடைசியில் கூழாகும். ஆனால் லாரி நிற்பதற்கு டீசல் கூழாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. துகள் பருவத்திலேயே பில்டர் அடைத்துவிடும். டேங்கைத் தட்டிப் பார்த்தால் டீசல் தளதளவென்று ஆடும், வண்டி மட்டும் கிளம்பாது.

எந்தக் குளிரில் பில்டர் அடைக்கும் என்பதற்கு நம் நாட்டுத் தர அளவு ஒன்று இருக்கிறது. சாதாரணக் காலத்து டீசல் 18 டிகிரியிலேயே அடைத்தாலும் சரி என்று விட்டுவிட்டார்கள். வட, மத்திய இந்தியாவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விற்கும் குளிர்கால டீசலுக்கு அது 6 டிகிரி. இவை மேல்வரம்புகள். பங்க்கில் கிடைப்பது இதைவிட நன்றாகவே இருக்கலாம், பெரும்பாலும் இருக்கிறது. ஆனாலும் பஞ்சாபில் "வின்டர் டீசல்" என்று நம்பி நிரப்பினால், எழுத்தில் உள்ள உறுதி 6 டிகிரி வரைதான். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் சில்லைக் கலான் என்கிறார்கள். நம் அக்னி நட்சத்திரத்துக்கு நேர் எதிர்க் கணக்கு. அந்த நாட்களில் ஸ்ரீநகரில் இரவு மைனஸ் 4, மைனஸ் 5 போவது சாதாரணம். 2021 ஜனவரியில் மைனஸ் 8-க்கும் கீழே போனது. ஆறுக்கும் மைனஸ் ஐந்துக்கும் நடுவே இருக்கும் இந்தப் பதினொரு டிகிரியை எப்படிக் கடப்பது என்பதுதான் மார்த்தாண்டத்துக்காரரின் கேள்வி.

வழிகளை ஒப்பிடும் முன் என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எதற்கு எதை வாங்குவது என்பது புரியாது.

2017 டிசம்பரில் நானே ஓட்டிப் போயிருந்தேன். அப்போது புதிய பனிஹால் சுரங்கம் வரவில்லை, பழைய ஜவஹர் சுரங்கம்தான். ஆப்பிள் ஏற்றி இறங்கும்போது காசிகுண்டில் கனரக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ராம்பன் பக்கம் மண் சரிவு. இரவு முழுக்க நின்றோம். காலையில் செல்ஃப் அடித்தால் வண்டி எடுக்கிறது, இரண்டு நிமிடம் ஓடுகிறது, இருமி இருமி நின்றுவிடுகிறது. அங்கிருந்த கடைக்காரர் எட்டிப்பார்த்து, "ஜம் கயா", உறைந்துவிட்டது, என்று ஒரே பேச்சில் தீர்ப்புச் சொல்லி, ஒரு பாட்டில் மருந்தை விற்றார். ஊற்றினோம். மாற்றமில்லை. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் போயிருக்கும் என்று அதையும் கழற்றி மாற்றினார். அதற்கும் காசு. அப்படியும் வண்டி அதே இரண்டு நிமிடம்தான்.

மறுநாள் பக்கத்து வண்டி சர்தார்ஜி, வயதானவர், கையில் டீக் கெண்டியோடு வந்தார். தண்ணீர் பிரிக்கும் பில்டரின் அடித்திருகைத் திறந்தார். ஒன்றும் வடியவில்லை. கெண்டியில் இருந்த வெந்நீரை அந்தக் கிண்ணத்தின் மேல் நிதானமாக ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் கிளுக் என்று ஒரு சத்தம், அப்புறம் அரை டம்ளர் தண்ணீர் வடிந்தது. வெறும் தண்ணீர். மெழுகும் இல்லை, பம்பும் கெடவில்லை. கிண்ணத்தில் நின்ற தண்ணீர் பனிக்கட்டியாகி வழியை அடைத்திருந்தது. ஹேண்ட் பம்ப் அடித்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினோம், வண்டி கிளம்பியது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை ஊருக்கு வந்து டேங்க் மூடியைக் கழற்றியபோதுதான் கண்டேன். ரப்பர் வாஷர் பாதி கிழிந்திருந்தது. நமக்குத்தான் இரண்டு மழையாயிற்றே, ஆனியிலும் பெய்யும் ஐப்பசியிலும் பெய்யும். நாகர்கோவில் மழையை டேங்க் அடியில் சுமந்துகொண்டு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போய் காசிகுண்டில் உறைய வைத்திருக்கிறேன். டீசலை எத்தனை தடவை நிரப்பினாலும் அடியில் தங்கிய தண்ணீர் அவ்வளவு சுலபத்தில் போகாது. மூடி சரியாக இருந்தாலும் கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரமே டேங்கின் உள்சுவரில் வியர்த்துச் சொட்டும்.

அதனால் குளிரில் வண்டி கிளம்பவில்லை என்றால், பர்ஸைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது? முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் பேட்டரி. டீசலைத் தொடவே வேண்டாம். குளிரில் பேட்டரியின் வலு குறையும், என்ஜின் ஆயிலும் தடித்திருக்கும், இரண்டும் சேர்ந்து அமுக்கும். நன்றாகச் சுற்றுகிறது என்றால், சுற்றும்போது சைலன்ஸர் குழாயைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியத்தான் இல்லை. புகையே இல்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. வந்து சேராததற்கு மெழுகு, பனிக்கட்டி, ஏர் என்று மூன்று காரணம் உண்டு. பில்டரைக் கழற்றினால் மெழுகு தெரிந்துவிடும்: கோயில் மெழுகுவர்த்தியைச் சுரண்டிப் பூசியது மாதிரி மஞ்சள் வெள்ளையாக, விரலில் வழவழக்கும். பனிக்கட்டி நறநறவென்று இருக்கும், உள்ளங்கையில் வைத்தால் தண்ணீராக உருண்டு நிற்கும். ஏர் என்றால் டீசல் குழாயில் கண்ணாடி மாதிரித் தெரியும் பகுதி இருந்தால் அதில் குமிழி ஓடும். குளிரில் பழைய ஓ-ரிங் சுருங்கி இணைப்புகளில் காற்றை உறிஞ்சுவது உண்டு. இரண்டு நிமிடம் ஓடி நிற்பது மூன்றுக்கும் பொது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் நான் ஏமாந்தேன்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

மண்ணெண்ணெயை முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறேன். வேலை செய்யாது என்று சொல்ல முடியாது, செய்யும். மண்ணெண்ணெயில் மெழுகு குறைவு. பத்துப் பத்து சதவீதமாகக் கலக்கக் கலக்க, ஒவ்வொரு தடவையும் அடைப்பு வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி இறங்கும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் 400 லிட்டர் டேங்கில் 80 லிட்டர் கலந்தாலும் நாலைந்து, மிஞ்சினால் ஆறு டிகிரிதான் கிடைக்கும். நமக்கு வேண்டியது பதினொன்று. கலப்படம் சட்டப்படி குற்றம், ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டிருப்பதே அதைப் பிடிப்பதற்குத்தான். பழைய பிஎஸ்-3 பம்ப் இதையெல்லாம் ஓரளவு தாங்கியது, பழைய ஆட்கள் அந்த நினைப்பில்தான் சொல்கிறார்கள். பிஎஸ்-6 வண்டியில் இருப்பது காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் அனுப்பும் ஏற்பாடு. அதன் பம்ப்புக்கு டீசல்தான் மசகு எண்ணெயும். 1,600 பார், அதற்கும் மேலான அழுத்தத்தில் ஓடுகிற பம்ப்பில் மசகில்லாத மண்ணெண்ணெயைச் சேர்த்தால் உள்ளே உரசி உலோகத்தூள் கிளம்பும். அந்தத் தூள் இன்ஜெக்டருக்குப் போகும். ஆறு இன்ஜெக்டர் மாற்றும் செலவு லட்சத்தைத் தாண்டும்போது, மண்ணெண்ணெயில் மிச்சம் பிடித்தது நினைவுக்கு வராது. இன்னும் சிலர் பெட்ரோல் கலக்கச் சொல்வார்கள். அவர்களிடம் பேச்சைத் தொடர வேண்டாம்.

அடுத்தது பாட்டில் மருந்து. இதைப் பற்றி எனக்குக் கோபம் இருந்தது, பிறகு தணிந்தது. தப்பு மருந்துடையது இல்லை, காரணம் தெரியாமல், நேரம் தவறி ஊற்றிய என்னுடையது. அது மெழுகைக் கரைக்கிற சரக்கில்லை. மெழுகு துகளாகும்போது பெரிய தகடுகளாகச் சேராமல், பில்டருக்குள் நுழைந்து போகிற அளவுக்குச் சின்னத் துகளாகவே வைத்திருப்பதுதான் அதன் வேலை. ஆகவே டீசல் தெளிவாக, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலந்தாக வேண்டும். மங்கிய பிறகு ஊற்றுவது, உறைந்த தேங்காய் எண்ணெய்க் குப்பியின் தலையில் நாலு சொட்டு நல்லெண்ணெய் விடுவது மாதிரி. பங்க்கில் முதலில் மருந்தை டேங்கில் ஊற்றி, அதன்மேல் டீசலை அடித்தால் தானாகக் கலந்துவிடும். அளவு பாட்டிலில் எழுதியிருக்கும். இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு பலன் கிடையாது. ஸ்பிரிட் வாடை அடிக்கிற சரக்கை பிஎஸ்-6 வண்டிக்கு வாங்காதீர்கள், காமன் ரெயிலுக்கு ஆல்கஹால் ஆகாது. தண்ணீர் உறைவதற்கு இந்த மருந்து பதில் இல்லை என்பதைக் காசிகுண்டில் காசு கொடுத்துப் படித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை போகிறவருக்கு இது நியாயமான செலவு.

ஹீட்டர் விஷயத்தில் மார்த்தாண்டத்துக்காரருக்கு ஒரு நல்ல செய்தி இருந்தது. பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் பில்டர் தலையிலேயே மின்சார ஹீட்டர் கம்பெனியிலிருந்தே வருகிறது. குளிர் வந்தால் தானாக வேலை செய்யும். ஆனால் நம் வண்டியில் அது பிறந்ததிலிருந்து ஒருநாள் கூட வேலை செய்திருக்காது, அதற்கு இங்கே குளிர் ஏது? நாலு வருஷம் உப்புக்காற்றில் நின்ற கனெக்டர் பச்சை பூத்திருக்கலாம், ஃப்யூஸ் இல்லாமலே இருக்கலாம். எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் சின்னமுட்டத்தில் மீனுக்குப் போடுகிற ஐஸை ஒரு சாக்கில் வாங்கிவந்து பில்டர் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டு, மீட்டரில் மின்சாரம் இழுக்கிறதா என்று பார்த்தார். வேடிக்கையாக இருந்தது. ஆனால் இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

கம்பெனி ஹீட்டர் இல்லாத வண்டிக்கு வெளியே வாங்கி மாட்டலாமா? இங்கேதான் யோசிக்க வேண்டும். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டைக் குழாய் வழியே டேங்குக்குக் கொண்டுபோகும் வகை, என்ஜின் ஓடினால்தான் சுடும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, நமக்குத் தொல்லை அங்கேதானே. ஓடுகிற வண்டியில் என்ஜினிலிருந்து திரும்பி வரும் டீசலே சூடாகத்தான் டேங்குக்கு வருகிறது, அதனால் ஓட்டத்தில் அடைப்பது அரிது. மின்சார வகை முதல் ஸ்டார்ட்டுக்கு உதவும், ஆனால் அது இழுக்கும் மின்சாரம் குளிரில் ஏற்கனவே தளர்ந்துபோன அதே பேட்டரியிலிருந்து. புது பேட்டரி இல்லாமல் ஹீட்டர் மாட்டினால் ஒரு கையில் கொடுத்து மறுகையில் பிடுங்குவதுதான். வயரிங் சரியாக இல்லாவிட்டால் தீ அபாயமும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் இரண்டு தடவை மேலே ஏறுகிறவர் மாட்டிக்கொள்ளட்டும். வருஷத்துக்கு ஒரு லோடுக்காக நான் மாட்டமாட்டேன்.

இரவு முழுக்க என்ஜினை ஓடவிடுவது டிரைவர்களுக்குப் பிடித்த வழி, முதலாளிக்குப் பிடிக்காத வழி. ஐடிலில் பெரிய லாரி மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு 25 லிட்டர் என்று வைத்தால் இன்றைய விலையில் ஓர் இரவுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். சாலை மூடி மூன்று இரவு நின்றால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பிஎஸ்-6 வண்டியில் நீண்ட ஐடில் புகைச் சுத்திகரிப்புக் கருவிகளில் கரியைச் சேர்க்கும். அதைவிடப் பெரிய பயம் வேறு: கேபினை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே தூங்குவார்கள், சைலன்ஸர் குழாயைச் சுற்றிப் பனி கொட்டியிருக்கும். அந்தப் புகைக்கு வாடை தெரியாத விஷம் உண்டு. ஒரே ஓர் இரவு மாட்டிக்கொண்டால், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்து இதைச் செய்யலாம். திட்டமாக வைத்துக்கொண்டு போகக்கூடாது.

டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்துகிறார்களே, அதை நீங்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே பிளாஸ்டிக் டீசல் குழாயும் பிரேக்கின் ஏர் குழாயும் வயரிங்கும் போகின்றன. சர்தார்ஜியின் டீக் கெண்டி போதும்.

இனி, காசே தனியாகச் செலவாகாத வழி. எந்த பங்க்கில் நிரப்புகிறோம் என்பது. இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. நாகர்கோவிலில் முழுக்க நிரப்பினாலும், லோடோடு லிட்டருக்கு மூன்றரை, நாலு கிலோமீட்டர் என்றால் 400 லிட்டர் 1,400 முதல் 1,600 கிலோமீட்டர்தான் வரும். ஐதராபாத்தைத் தாண்டி, நாக்பூர் வரும் முன்பே தீர்ந்துவிடும். ஸ்ரீநகர் வரை 3,500 கிலோமீட்டருக்கு மேல். ஆக, மேலே உறையப்போவது நம்மூர் டீசல் கிடையாது. மூன்றாவது டேங்க், அதாவது டிரைவர் கடைசியாக எங்கே நிரப்பினாரோ அந்த டீசல். நாம் டிரைவருக்குச் சொல்லி அனுப்புவது என்ன? "விலை குறைச்சலா இருக்கிற ஊர்ல புல் டேங்க் போட்டுக்கோ மக்கா." அவரும் சமவெளியில் விலை பார்த்து நிரப்பிக்கொண்டு மேலே ஏறுவார். லிட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் மிச்சம். அந்த 6 டிகிரி டீசலோடு மைனஸ் 5-இல் போய் நிற்பார்.

நான் சொல்வது இதற்கு நேர்மாறு. ஜம்மு தாண்டும்போது டேங்கில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். சுரங்கம் தாண்டி காஷ்மீர் பள்ளத்தாக்கில் இறங்கியதும், உள்ளூர் லாரிகளும் பஸ்களும் வரிசையில் நிற்கிற பங்க்காகப் பார்த்து, குளிருக்கு ஏற்ற டீசல்தானா என்று கேட்டு நிரப்ப வேண்டும். வரிசை முக்கியம், விற்பனை இல்லாத பங்க்கில் இலையுதிர்காலத்து டீசல் இன்னும் நிலத்தடித் தொட்டியில் கிடக்கும். நிரப்பிய உடனே வண்டியை நிறுத்தக் கூடாது. இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டினால்தான் புது டீசல் குழாய், பில்டர் எல்லாம் போய்ச் சேரும். பாதி டேங்கோடு ஏறினால் காலியிடத்தில் ஈரம் வியர்க்காதா என்று கேட்டார் மார்த்தாண்டத்துக்காரர். நியாயமான கேள்விதான். வியர்க்கும். ஒருநாள் ஓட்டத்தில் சேருவது சொற்பம், தினமும் காலையில் தண்ணீர்த் திருகைத் திறந்து ஒரு டம்ளர் வடித்துவிட்டால் போயிற்று. இரவில் நிறுத்தும்போது வடக்குக் காற்று படாமல், விடிந்ததும் வெயில் விழும் பக்கம் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

லே, கார்கில் பக்கம் போகிறவர்களுக்கு இது வேறு கணக்கு. அங்கே குளிர் மைனஸ் 20-ஐயெல்லாம் தொடும். அதற்காகவே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென ஒரு குளிர்கால டீசலை இறக்கியது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் செய்தது, மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை போகாது. அந்த ஊர்களில் அதைத் தவிர வேறெதையும் நிரப்புவது கிறுக்குத்தனம். பிஎஸ்-6 வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசலும் அங்கேதான் கவலை, அது மைனஸ் 11-இல் உறையும். உறைந்தாலும் வண்டி கிளம்பும், ஓட ஓட அதன் டேங்க்கைச் சூடாக்கி இளக்கிக்கொள்ளும். விரிய இடம் வேண்டும் என்பதால் விளிம்பு வரை நிரப்பாமல் இருந்தால் போதும். அதில் எதையும் கலக்காதீர்கள்.

கடைசி வழி, மேலே ஏறாமலே இருப்பது. இதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. கோழைத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பள்ளத்தாக்கு லாரி, அதன் டிரைவர், அதன் டீசல் எல்லாம் அந்தக் குளிருக்கே பழகியவை. அவர்கள் ஜம்முவுக்கோ டெல்லி ஆசாத்பூர் பழ மண்டிக்கோ இறக்கித் தரட்டும், நாம் அங்கிருந்து ஏற்றுவோம். பார்சல் ரயிலும் வந்துவிட்டது. கட்ரா–ஸ்ரீநகர் பாதை 2025 ஜூனில் திறந்தது, அதே செப்டம்பரில் பட்காமிலிருந்து டெல்லிக்கு ஆப்பிள் ஏற்றிய பார்சல் ரயில் ஓடத் தொடங்கியது. நஷ்டம் இரண்டு. வாடகையில் மேல்பகுதி நமக்கு வராது. ஏற்றி இறக்குவதில் பெட்டி அடிபடும். அது யார் பொறுப்பு என்று ஏற்றும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். லாபம், சாலை மூடினால் காத்திருப்பது நம் வண்டியாக இருக்காது. ஜம்மு சாலையில் கனரக வண்டிகளை ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே என்று மாற்றி மாற்றித்தான் பல சமயம் விடுகிறார்கள். சரிவு வந்தால் அதுவும் இல்லை. டீசல் உறைவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான். பனிச்சாலையில் ஒருதடவைகூட ஓட்டாத டிரைவரை அனுப்புவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த வண்டி என்பதை நான் தீர்மானிக்கவில்லை, டெல்லி தீர்மானித்துவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் வெளி மாநிலப் பதிவு பிஎஸ்-3 சரக்கு வண்டிகளை டெல்லிக்குள் விடுவதில்லை. டெல்லிக்கு வெளியே சுற்றிப்போகும் சாலையில் கடந்து போகலாம், ஆனால் ஆசாத்பூர் மண்டிக்குள் போய் ஏற்ற முடியாது. குளிரை மட்டும் பார்த்தால் பழைய வண்டிக்கு ஒரு பெருமை உண்டு. எங்கே நின்றாலும் ஹேண்ட் பம்ப்பும் ஒரு ஸ்பானரும் போதும், லேப்டாப்போடு வரும் ஆளைத் தேட வேண்டாம். அந்தப் பெருமைக்காக டெல்லி லோடை விட முடியுமா? பிஎஸ்-6 தான் போக வேண்டும்.

ஆக நான் அவருக்குச் சொன்னது: முதல் வருஷம் ஜம்முவோடு நில்லுங்கள், ஆப்பிளை அங்கே கைமாற்றிக்கொள்ளுங்கள். ஜம்முவில் இரவுக் குளிர் ஐந்தாறு டிகிரிதான், பஞ்சாப் டீசலோடு ஒரு பாட்டில் மருந்து சேர்த்தால் தாராளம். பார்ட்டி ஒத்துக்கொள்ளாமல் லாசிபோரா வந்தே ஆக வேண்டும் என்றால், கிளம்பும் முன் டேங்கை அடிவரை வடித்து, இரண்டு பில்டரும் புதிதாகப் போட்டு, இன்னொரு ஜோடியை வண்டியிலேயே வைத்து, ஹீட்டரை ஐஸ் கட்டிச் சோதித்து, பேட்டரி மூன்று வருஷம் தாண்டியிருந்தால் மாற்றி, டீசலைப் பள்ளத்தாக்கில் நிரப்பச் சொல்லி அனுப்புங்கள். வெளி ஹீட்டர் வேண்டாம்.

சரி என்று எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது எனக்கு ஒன்று தட்டியது. "தம்பி, ரேடியேட்டர்ல என்ன ஊத்தியிருக்கிய?"

"என்ன அண்ணாச்சி, வீட்டுக் கிணத்துத் தண்ணிதான். நல்ல தண்ணி."

திரும்ப உட்கார வைத்தேன். உறைந்த டீசலை வெயில் வந்தால் இளக்கிவிடலாம். ரேடியேட்டரிலும் என்ஜின் பிளாக்கிலும் வெறும் தண்ணீர் உறைந்தால் விரிந்து இரும்பையே பிளக்கும், அதற்கு மருந்தும் இல்லை வெந்நீரும் இல்லை. வண்டி வாங்கும்போது கம்பெனி கூலன்ட் இருந்திருக்கும். லீக் ஆன போதெல்லாம் தண்ணீரை ஊற்றி ஊற்றி அதன் நிறமே போயிருந்தது. பானட்டைத் திறந்து காட்டினார், பதநீர் மாதிரி இருந்தது. முழுக்க வடித்துவிட்டு, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றினால் மைனஸ் 30 வரை பயமில்லை. அன்று சாயங்காலமே வண்டியைத் தக்கலையில் ஒர்க்‌ஷாப்பில் விட்டார். போகிற வழியில் டேங்க் மூடிக்கு ஒரு வாஷரும் வாங்கியதாகப் போனில் சொன்னார்.